அடங்காத பிள்ளையா, அஞ்சிய பிள்ளையா?

"பிள்ளை ஒரு இடத்தில் இருக்கிறானில்லை, சுவாமி. கொப்பியைத் திறந்தால் இரண்டு வரி எழுதுவான். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரீச்சர் டொக்டரிடம் காட்டச் சொல்கிறா. இவர் பிரம்பை எடு என்கிறார்."

ஒருகொடவத்தையில் ஒரு தாய் சொன்னது இது. பக்கத்தில் நின்ற கணவர் பொறுமையிழந்து சொன்னார்: "எண்ணெய்க் குதம் எரிந்தபோது எனக்கு ஆறு வயது. எங்களை யார் டொக்டரிடம் காட்டினார்கள்?"

நியாயமான கேள்விதான். 1995 ஒக்டோபர் 20-ஆம் திகதி கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அந்தக் கரும்புகையைக் கண்ட சிறுவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். அவர்களின் பெற்றோரோ 1983 ஜூலையைக் கண்டவர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அடுத்த தலைமுறைக்கும் அந்த அனுபவம் வந்து சேர்ந்தது. ஆலயத்தை ஜூன் மாதமே மீண்டும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளின் மனம் அவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு வருவதில்லை.

அச்சம் மூளையில் என்ன செய்கிறது? மூளையின் உள்ளே வாதுமைப் பருப்பளவான ஒரு பகுதி உண்டு, அமிக்டலா என்பர். ஆபத்து என்றால் மணி அடிக்கும் காவற்காரன் அது. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியோ, "பொறு, யோசி, கவனி" என்று சொல்லும் பெரியவர். இந்தப் பெரியவர் முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகும். சிறு வயதில் திரும்பத் திரும்ப அஞ்சிய பிள்ளையிடம் காவற்காரன் ஓயாமல் மணி அடித்துக்கொண்டிருப்பான். கதவு அடித்துச் சாத்தினாலே திடுக்கிடும் பிள்ளையால் பெருக்கல் வாய்ப்பாட்டில் எப்படி மனம் வைக்க முடியும்? வெளியே நின்று பார்ப்பவருக்கு அது கவனமின்மை. உண்மையில் அப்பிள்ளையின் கவனம் முழுவதும் வேறொரு திசையில் காவல் நிற்கிறது.

இதனால் துருதுருப்பான பிள்ளைகள் எல்லாரும் அஞ்சியவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். கவனக்குறைபாட்டுக் கோளாறு என்பது தனி நிலை. லண்டன் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் 1902-லேயே இத்தகைய சிறுவர்களை விவரித்தார். 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இப்பெயரைத் தன் கைந்நூலில் சேர்த்தது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்புச் சரியில்லை என்று தாயைக் குறைகூறும் மாமிமார் இதைத் தயவுசெய்து இருமுறை வாசிக்கவும்.

ஆயினும் இரண்டும் முற்றாக வேறானவை அல்ல. 1989-க்குப் பின் ருமேனிய அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அந்த இல்லங்களில் கிடந்தவர்களிடம் கவனமின்மையும் அமைதியின்மையும் கூடுதலாகக் காணப்பட்டன. அவர்கள் குண்டுச் சத்தம் கேட்டவர்கள் அல்லர். தூக்கிக் கொஞ்ச ஆளின்றி வளர்ந்தவர்கள்.

வேறுபடுத்திப் பார்க்கப் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, "எப்போதிருந்து?" என்பதே. கவனக்குறைபாடு சிறு வயதிலேயே, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே தெரியும். நேற்றுவரை நன்றாயிருந்த பிள்ளை திடீரென மாறினால், இரவில் அலறினால், விட்ட படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பினால், ஏதோ நடந்திருக்கிறது. கோளாற்றுக்கு நல்ல மருந்து உண்டு. அச்சத்தை அது போக்காது. ஆகவே தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துடன் பேசலாம். பிரம்பு இரண்டுக்கும் உதவாது. காவற்காரனை இன்னும் உரக்க மணி அடிக்க வைப்பது அதுதான். பாடசாலைகளில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005-லேயே சுற்றறிக்கை மூலம் தடுத்தது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வருவதில்லை.

அந்தத் தாயிடமும் "எப்போதிருந்து?" என்று கேட்டோம். "போன வருடம்வரை நன்றாய்ப் படித்தான்" என்றார். போன வருடம் வீட்டில் என்ன நடந்தது என்றதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கணவரைப் பார்த்தார். சற்று நேரம் கழித்துக் கணவரே, "நான் குடித்துவிட்டு வருகிற நாட்களில் அவன் நித்திரை கொள்வதில்லை, சுவாமி" என்றார்.