ஈயக் குண்டுக்கு ஏன் காகிதச் சட்டை?

பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி குறைந்ததும் தலை சாய்கிறது. துப்பாக்கிக் குண்டுக்கும் இதே விதிதான். நீண்ட குண்டு சுழலாமல் பறந்தால் காற்றில் குட்டிக்கரணம் போட்டு வழி தவறும். ஆகவே ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டுகிறார்கள். இவற்றைப் புரிகள் என்பார்கள்.

ஒரு சிறு கணக்கு. குழலில் 46 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று வீதம் புரி இருப்பதாகக் கொள்வோம். குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், 400-ஐ 0.46-ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு ஏறக்குறைய 870 சுற்றுகள்! எந்தப் பம்பரம் இப்படிச் சுற்றும்?

ஈயத்தின் தொல்லை

19ஆம் நூற்றாண்டில் குண்டுகள் ஈயத்தால் ஆனவை. ஈயம் கனமானது, 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் வார்ப்பதும் எளிது. ஆனால் அது மிருதுவான உலோகம். எஃகுக் குழலில் உராய்ந்து செல்லும்போது அதன் துகள்கள் புரிகளில் ஒட்டிக்கொள்ளும். பள்ளம் தூர்ந்துபோனால் குண்டுக்குச் சுழற்சி ஏது?

இதற்குக் கண்டுபிடித்த எளிய வழிதான் காகிதச் சட்டை. குண்டைச் சுற்றி மெல்லிய காகிதத்தை ஒட்டினார்கள். ஈயம் எஃகைத் தொடவே இல்லை, தொட்டதெல்லாம் காகிதம்தான்.

எந்தக் காகிதம்? எப்படிச் சுற்றுவது?

செய்தித்தாள் உதவாது, நனைந்தால் கிழியும். பருத்தி நாரினால் செய்த மெல்லிய, உறுதியான தாளே ஏற்றது. அதைச் சாய்சதுரம்போல் இரு முனைகளும் சரிந்திருக்குமாறு வெட்டுவார்கள். ஈரப்படுத்திக் குண்டின்மேல் சரியாக 2 சுற்றுச் சுற்றுவார்கள். தொடக்க முனையும் இறுதி முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இடைவெளியும் விழக் கூடாது. ஏறினால் ஒரு பக்கம் தடித்துவிடும். சமநிலை இல்லாத பம்பரம் தள்ளாடுவது உங்களுக்குத் தெரியுமே! எஞ்சிய வால் பகுதியைக் குண்டின் அடியில் மடித்துவிடுவார்கள். காய்ந்ததும் தாள் சுருங்கி, இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அளவு மிக முக்கியம். குழலின் உள்விட்டம் 11.43 மி.மீ. என்றும், தாளின் தடிமன் 0.05 மி.மீ. என்றும் கொள்வோம். 2 சுற்றுத் தாள், விட்டத்தில் இரு பக்கமும் சேர்ந்து 4 மடங்கு தடிமனைக் கூட்டும், அதாவது 0.20 மி.மீ. ஆகவே வெறும் குண்டின் விட்டம் 11.23 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டையணிந்த குண்டு குழலுக்குள் நெருடாமல் நுழையும்.

அப்படியானால் அது புரிப் பள்ளங்களை எப்படி நிரப்புகிறது? பஸ் திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? அதே நிலைமம்தான் இங்கும். மருந்து வெடித்ததும் குண்டின் அடிப்பாகம் தள்ளப்படுகிறது. முன்பாகம் உடனே நகர மறுக்கிறது. இடையில் அகப்பட்ட ஈயம் நசுங்கித் தடித்துப் பள்ளங்களில் பதிகிறது. ஈயம் கடினமாக இருந்தால் தடிக்காது. மிக மிருதுவாக இருந்தால் மூக்கு கோணிவிடும். ஆகவே 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்பதுபோல் கலந்து பதம் பார்த்தார்கள்.

வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட எடை திடக்கசடாகவே தங்கும். அது காய்ந்து இறுகினால் அடுத்த குண்டின் காகிதத்தைக் கிழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலை ஈரத்துணியால் துடைப்பார்கள். சிலர் வாயால் ஊதுவார்கள். மூச்சிலுள்ள ஈரமே கசடை இளக்கிவிடும்.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

குழலுக்குள் இறுகப் பிடித்த சட்டை, வெளியே வந்ததும் கழன்றுவிட வேண்டும். புரிகள் தாளைக் கீறிவிடுவதால் அது துண்டு துண்டாகச் சிதறும். ஒரு துண்டு ஒட்டிக்கொண்டாலும் குண்டு திசை மாறும். எனவே தரையில் விழுந்த காகிதத் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்த்தே, சுட்டது சரியா என்று கணிப்பார்கள். 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்க அணியும் ஐரிஷ் அணியும் மோதின. 800, 900, 1000 கஜ தூரங்களில் நடந்த அப்போட்டியில் அமெரிக்கர்கள் 934க்கு 931 என்று வென்றார்கள். இரு அணியினரின் குண்டுகளும் காகிதச் சட்டை அணிந்தவைதாம்.

நம் நாட்டு வரலாற்றிலும் இக்காகிதத்துக்கு இடம் உண்டு. என்ஃபீல்டு ரைபிளின் தோட்டா ஒரு காகிதக் குழாய். சிப்பாய் அதன் மருந்து முனையைப் பல்லால் கடித்து மருந்தைக் கொட்ட வேண்டும். பிறகு குண்டை அதன் காகிதத்துடனேயே குழலுக்குள் தள்ள வேண்டும். வழுக்கிச் செல்வதற்காகக் காகிதத்தில் கொழுப்பு தடவியிருந்தது. அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி 1857 ஜனவரியில் டம்டம்மில் பரவியது. உராய்வைக் குறைக்கத் தடவிய பொருள், மாபெரும் கிளர்ச்சிக்குப் பொறியாயிற்று. ஒரு கருவி யார் கையில் போகிறதோ, அவர்களின் மனத்தை அறியாமல் அதைச் செய்தால் என்னவாகும் என்பதற்கு இது பெரும் பாடம்.

1880களில் புகையில்லா மருந்து வந்தது. வேகமும் வெப்பமும் கூடவே, குண்டுகளுக்குச் செம்பு உறை போட்டார்கள். இன்று பழங்கால ரைபிள் ஆர்வலர்கள் மட்டுமே காகிதம் சுற்றுகிறார்கள்.

செய்து பாருங்கள்

துப்பாக்கி வேண்டாம், ஒரு பென்சில் போதும். அதன் சுற்றளவை நூலால் அளந்து, 2 சுற்றுக்குச் சரியான நீளத்தில் தாள் வெட்டுங்கள். முனைகளைச் சரிவாக வெட்டி, நனைத்துச் சுற்றிக் காயவிடுங்கள். முனைகள் ஏறாமல், இடைவெளி விழாமல் பொருந்துகின்றனவா? எத்தனை முயற்சியில் வெற்றி பெற்றீர்கள் என்று குறித்து வையுங்கள்.