வீட்டுக் கோழிகளைக் கழிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஏன் கழிக்க வேண்டும்?

பத்துப் பெட்டை வளர்த்தால் பத்தும் முட்டையிடும் என்று நம்பித்தான் தொடங்குகிறோம். இரண்டு வருஷம் போனால் சில கோழிகள் தீனி மட்டும் தின்னும். சேவல் பெருகினால் சண்டையும் பெருகும். இவற்றைக் கண்டுபிடித்து விலக்குவதுதான் கழித்தல்.

எவ்வளவு மிச்சம்?

வளர்ந்த முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும், மாதம் 3.3 கிலோ. கிலோ 35 ரூபாய் என்று வைத்தால், சும்மா இருக்கும் ஒரு கோழிக்கு மாதம் 115 ரூபாய் போகிறது.

எதைக் கழிப்பது?

கோழிகள் அடைந்த பிறகு டார்ச்சோடு போவோம், பிடிக்கச் சிரமமில்லை. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மெத்தென்று இருக்கும். எச்சவாய் அகன்று ஈரமாக இருக்கும். அதன் இருபுற எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் வைக்க இடமிருக்கும். கொண்டை சுருங்கி, எச்சவாய் வறண்டு, இடைவெளி ஒரு விரலுக்குக் குறுகியிருந்தால் முட்டை நின்றுவிட்டது.

உடனே முடிவெடுக்க வேண்டாம். அடைக்கோழியும் இறகு உதிர்க்கும் கோழியும் இப்படித்தான் இருக்கும். காலில் நூல் கட்டிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம். சேவல், பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும்.

எப்படி அறுப்பது?

1. முந்தின இரவே தனிக்கூண்டில் விடுவோம். தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும்.

2. மற்ற கோழிகளின் கண்ணில் படாத இடத்தில் தகரக் கூம்பு ஒன்றை மாட்டுவோம். தலைகீழாக இறக்கி, தலையை அடித்துளை வழியே வெளியே எடுத்ததும், இறக்கை அடங்கிக் கோழி அமைதியாகும்.

3. நன்றாகத் தீட்டிய கத்தியால், தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இருபுற ரத்தக்குழாய்களும் அறும்படி ஒரே இழுப்பு. மழுங்கிய கத்திதான் பெரிய கொடுமை.

4. இரண்டு மூன்று நிமிடம் ரத்தம் வடியட்டும். நினைவு போன பிறகும் இறக்கை அடித்துக்கொள்ளும், பதற வேண்டாம். அசைவு முழுவதும் நின்றபின், 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு எளிதாக வரும்.

எச்சரிக்கை

நோய்க்கோழியைச் சமைக்கவோ விற்கவோ கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதைப்போம். மருந்து கொடுத்த கோழியை, டாக்டர் சொன்ன நாள்கணக்கு முடியும்வரை அறுக்கக் கூடாது. கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் எதையும் அறுக்காமல், கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

முதல் கோழிக்கு, பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் கத்தியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.