மாத்திரையை நிறுத்துவது தவக்குல் அல்ல



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். "ஹஜ்ரத், ரத்த டெஸ்டில் கொழுப்பு நார்மல். இனி மாத்திரை எதற்கு? அல்லாஹ் மீது தவக்குல் வைத்து நிறுத்திவிட்டேன்" என்றார். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தவர் அவர். உங்களில் பலருக்கும் இதே எண்ணம் இருப்பதால்தான் இங்கே பேசுகிறேன்.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இது இதய நோய் என்று சொல்லி, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் போகச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரில் முஹத்திஸ்களுக்குப் பேச்சு உண்டு. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளச் சொல்லும் உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பை இமாம் திர்மிதீ 'ஹஸன் ஸஹீஹ்' என்கிறார்கள். நபியவர்களின் கரம் பட்டவரையே மருத்துவரிடம் அனுப்பியதாக வந்திருக்கும்போது, நாம் எம்மாத்திரம்?

கொழுப்பு சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. அதைக் குறைப்பதுதான் அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரைகளின் வேலை. இந்த வகை மருந்தை 1973-ல் ஜப்பானியர் அகிரா எண்டோ முதலில் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து. நாம் துடைத்தெறிகிற பூஞ்சையில் ஷிஃபாவை வைத்தானே ரப்பு, சுப்ஹானல்லாஹ்! ஆகவே, டெஸ்டில் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். சதை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். கருஞ்சீரகம் சாப்பிடுங்கள், பரக்கத்தானது. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையைப் பற்றிப் பேசாமல் முடியுமா? ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொழுப்பு உண்டு. எத்தனை சாப்பிடலாம் என்பதை சுகர், ஹார்ட் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முட்டையைவிட வலீமா விருந்துதான் கவலை. கொழுப்பு மிதக்கும் மட்டன் பிரியாணி, அதன்மேல் இன்னொரு தட்டு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ரேஷன் பாமாயிலிலும் கிட்டத்தட்ட பாதி, ரத்தக் கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு. அதையே மறுபடி மறுபடி காய்ச்சி இஃப்தாருக்கு சமோசா போடுகிறோம்.

நெஞ்சு அடைப்பது போலிருந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐ அழையுங்கள். அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ரமளானில் நோன்பைக் காரணம் காட்டி இந்த மாத்திரையை விட வேண்டியதில்லை. அடோர்வாஸ்டாடின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்; தராவீஹ் முடித்து வந்து போட்டுக்கொள்ளலாம். மற்ற மாத்திரைகளின் நேரத்தை ஷஃபானிலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அந்தப் பெரியவரைத் திங்கட்கிழமை பழைய சீட்டோடு டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன். துணைக்கு மகனும் போகிறார்.