அசைன்மென்ட் ஏறாத ராத்திரி: முட்டத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அசைன்மென்ட் ஏறவில்லை என்றால் முதலில் நெட்டைத் திட்டுவோம். முட்டத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும், திட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது சிக்னலைத் தேடி அலைவதா, ஃபைலைச் சுருக்குவதா, சாருக்கு எழுதுவதா, விட்டுவிட்டுப் படுப்பதா? இதை முடிவு செய்ய ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். கெடுவை நீட்டித் தரக்கூடிய மனிதர் யாராவது அந்தப் பக்கம் இருக்கிறாரா?

இங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இன்று மூன்று வாசல்கள் பழக்கம்: ஸ்வயம் தளத்தில் நடக்கும் என்பிடெல் பாடங்கள், கூகுள் கிளாஸ்ரூம், சில கல்லூரிகள் சொந்தமாக வைத்திருக்கும் மூடுல். மூன்றும் அடைபடும் விதம் வேறு வேறு.

என்பிடெல்லில் மனிதர் கிடையாது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-இல் தொடங்கிய திட்டம் அது. இப்போது ஸ்வயம் வழியாக நாடெங்கும் பாடம் நடத்துகிறது. பெரும்பாலான பாடங்களில் புதன்கிழமை இரவு 11:59-க்குக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ‘சார், எங்க ஊர்ல கரண்டு இல்ல, ஒரு நாள் தாங்க’ என்று மெயில் எழுத உட்காராதீர்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், மூன்றில் தாராளம் மிகுந்ததும் இதுதான். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சப்மிட் பண்ணலாம், கடைசியாகப் போனதுதான் கணக்கு. 12 வாரப் பாடம் என்றால் அதிக மதிப்பெண் வந்த 8 அசைன்மென்ட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 8 வாரத்துக்கு 6, 4 வாரத்துக்கு 3. அசைன்மென்ட் எல்லாம் சேர்ந்தே நூற்றுக்கு 25தான், மீதி 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. சான்றிதழ் வேண்டுமானால் அந்த 25-இல் 10-ம், 75-இல் 30-ம் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர் புதன் ராத்திரி பதற மாட்டார். ஒரு வாரம் தவறினால் பாடம் தவறிவிடாது. மழையில் போனைத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் ஓட வேண்டாம். கலங்கரை விளக்கம் தெரிகிற இடமெல்லாம் டவர் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. நல்ல வழி வேறு. ஞாயிற்றுக்கிழமையே தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் விடை குறித்து ஒரு முறை சப்மிட் பண்ணிவிடுங்கள். திங்கள், செவ்வாயில் பாடம் பார்த்துவிட்டுத் திருத்தி மறுபடி போடுங்கள். புதன் இரவு கரண்டு போனாலும் பாதி மதிப்பெண் உள்ளே இருக்கும். ‘முழுசா முடிச்சிட்டுத்தான் போடுவேன்’ என்கிற ரோஷம் இந்தத் தளத்தில் நஷ்டம்தான்.

போனதா இல்லையா என்பதையும் பக்கமே சொல்லிவிடும். கடைசியாகப் பதிவான சப்மிஷனின் தேதியும் நேரமும் அங்கே வரும். அது வராவிட்டால் போகவில்லை என்றே அர்த்தம், நீங்கள் பட்டனை அழுத்தினது நிஜமாகவே இருந்தாலும். நேரம் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி ஜிமெயில். வீட்டில் ஒரே போன், அதில் அண்ணனுடையது, அம்மாவுடையது, உங்களுடையது என்று மூன்று கணக்கு. வேறு கணக்கில் திறந்தால் பாடத்தில் நீங்கள் சேரவே இல்லை என்று காட்டும். அதைக் கண்டு பயந்து புதிதாகச் சேர்ந்துவிடாதீர்கள். சரியான கணக்கில் நுழைந்து பாருங்கள். யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகவே படிக்கலாம். கிரெடிட்டுக்காகப் படிக்கிறவர்கள் மெயில் முகவரியில் விளையாடக் கூடாது.

கிளாஸ்ரூம் நேர் எதிர். அங்கே ஃபைல் போக வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு சாரோ மிஸ்ஸோ இருக்கிறார். ‘நான் போட்டேன் சார்’, ‘இங்க வரல்லியே மக்கா’ என்ற தகராறு பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கிறது. ஃபைலைச் சேர்த்தால் மட்டும் ஒப்படைத்ததாகாது, ‘டர்ன் இன்’ அழுத்த வேண்டும். ஃபைல் எதுவும் சேராதபோது அதே இடத்தில் ‘மார்க் அஸ் டன்’ என்று இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் வெறும் கை ஒப்படைக்கப்படும். திருத்தலாம் என்று ‘அன்சப்மிட்’ பண்ணிவிட்டு மறுபடி ஒப்படைக்க மறந்தவர்களும் உண்டு. அவர்கள் கதி, முதலிலேயே போடாதவர்கள் கதிதான்.

ஃபைல் சேரவே மறுத்தால் சிக்னலைப் பார்க்கும் முன் கூகுளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப் பேக்கப்பும் அதில்தான் போய் உட்காருகிறது. கல்யாண வீடியோ நிறைந்த கணக்கில் கணக்கியல் அசைன்மென்ட்டுக்கு இடமிருக்காது.

மூடுல் இரண்டுக்கும் நடுவில். ஆஸ்திரேலியாவில் பிறந்து 2002-இல் முதல் பதிப்பு வந்த மென்பொருள். ஃபைல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கெடு எப்போது என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியும் ஆசிரியரும் வைப்பதுதான். இதில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல்: நிலை என்ற இடத்தில் ‘டிராஃப்ட்’ என்று இருக்கிறதா, ‘சப்மிட்டட் ஃபார் கிரேடிங்’ என்று இருக்கிறதா? முதலாவது என்றால் ஃபைல் சர்வரில் இருக்கிறது, ஆனால் நீங்கள் ஒப்படைக்கவில்லை.

இனி ஃபைல். அலைவதா, சுருக்குவதா என்று கேட்டால் என் ஓட்டு சுருக்குவதற்கே. போன் கேமராவில் எடுத்த ஒரு பக்கம் சாதாரணமாக 4 எம்பி வரும், பத்துப் பக்கம் 40 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அது ஏற ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆகும், நடுவில் ஒரு முறை சிக்னல் விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அதே பக்கங்களை ஸ்கேனர் ஆப்பில் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் பெரும்பாலும் 4 எம்பிக்குள் அடங்கும். அரை நிமிட வேலை. ஆப் தகராறு செய்தால் குரோமில் திறந்து பாருங்கள், பல சமயம் அதுவே போதும். நெட் சென்டருக்குப் போவது பகலில் நல்ல யோசனை, ராத்திரியில் அது பூட்டியிருக்கும். போனால் வெளியே வரும்போது லாக்-அவுட் பண்ணிவிட்டு வாருங்கள்.

எதுவும் நடக்கவில்லை, கிளாஸ்ரூமோ மூடுலோதான் என்றால், கெடு முடிவதற்கு முன் ஆசிரியருக்கு எழுதுங்கள். முடிந்தபின் எழுதுவது சாக்கு, முன்னால் எழுதுவது தகவல். ‘வணக்கம் சார், நான் இரண்டாம் ஆண்டு பி.காம்., இந்த நம்பர். அசைன்மென்ட் ஏறவில்லை. வந்த பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன், பிடிஎஃப்-ஐயும் இணைத்திருக்கிறேன். காலையில் தளத்திலும் போட்டுவிடுகிறேன்.’ இவ்வளவு போதும். டிரைவ் லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள். பார்க்கும் அனுமதி தர மறந்திருப்பீர்கள், அவர் கேட்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக. போட்டோவென்றால் அது எழுத்தைக் கரைத்துவிடும். இந்த எல்லாவற்றையும்விட, எழுதிய தாளைக் காலையில் டிபார்ட்மென்ட்டில் நேரில் கொடுப்பது மேல்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. அப்படிப்பட்ட நாளில் இந்த உபாயம் எதுவும் பலிக்காது. தனித்தனியாக மெயில் போடாமல் வகுப்பே சேர்ந்து துறைத் தலைவருக்கு ஒரே கடிதமாக எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவு 11:59 என்று கெடு வைக்காதீர்கள். அந்நேரத்தில் நெட் சென்டரும் திறந்திருக்காது, நீங்களும் போன் எடுக்க மாட்டீர்கள். மூடுலில் கெடு ஒன்று, இறுதியாக வாசல் அடைபடும் நேரம் ஒன்று என்று இரண்டு வைக்க வசதி இருக்கிறது. முதலாவதை மாலை ஐந்து மணிக்கும் இரண்டாவதை மறுநாள் காலைக்கும் வையுங்கள்.