காதுக்குள் எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோடை விடுமுறையில் பையனை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். தண்ணீரை விட்டு ஏறியதும் வலது காது அடைத்துக்கொள்கிறது, தலையை ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புகிறது என்கிறான். பூண்டைத் தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார் உங்கள் மாமியார். பட்ஸால் துடைத்து எடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. தண்ணீர் மூளைக்குப் போய்விடுமோ என்பது உங்கள் பயம். மே மாதம் முழுக்க என் அறைக்கு வரும் தாய்மார்கள் கேட்பதும் இவற்றைத்தான். அதனால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

மூளைக்குப் போகாது. காதுத் துளையிலிருந்து உள்ளே போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் முடிவில் செவிப்பறை அடைத்து நிற்கிறது. செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதைத் தாண்டாது. ஆனால் அந்தக் குழாய் நேராக இல்லை. லேசாக வளைந்து, நடுவில் குறுகி, செவிப்பறைக்கு முன்னால் சற்றுப் பள்ளமாக இறங்குகிறது. குளிர்பானம் குடித்த ஸ்ட்ராவில் கடைசித் துளி விழாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படித்தான் தண்ணீர் அங்கே நின்றுவிடுகிறது. காது அடைபட்டிருப்பதால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள்ளிருந்து கேட்கிறது. பிள்ளை பயப்படுவது அந்தச் சத்தத்துக்குத்தான்.

வெளியே எடுக்க மருந்து எதுவும் தேவையில்லை. தண்ணீர் நின்ற காது கீழே இருக்கும்படி, துண்டு விரித்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். காது மடலைப் பிடித்து மெதுவாக மேலும் பின்னுமாக இழுத்தால் வளைவு நிமிரும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்படியே வாயைத் திறந்து மூடட்டும், கொட்டாவி விடட்டும். தாடை மூட்டு காதுக் குழாயை ஒட்டியே இருப்பதால், தாடை அசைந்தால் குழாயும் அசையும். உள்ளங்கையைக் குழித்துக் காதில் பதித்து, லேசாக அழுத்தி எடுத்தாலும் தண்ணீர் இறங்கி வரும். ஹேர் டிரையர் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டலாம்.

எங்கள் ஊர்க் கிணற்றில் குதித்து ஏறியதும், வெயிலில் காய்ந்த கூழாங்கல் ஒன்றைக் காதோடு வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதிப்போம். அதில் ஒரு தவறும் இல்லை. குதிக்கும்போது ஏற்படும் உலுக்கலில் தண்ணீர் இறங்கிவிடும். கல் சுடக் கூடாது, மண் ஒட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இத்தனையும் செய்து வராவிட்டால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் உடம்புச் சூட்டில் தானே காய்ந்துவிடும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதச் சொல்வார்கள். அந்தக் காற்று தொண்டையிலிருந்து செவிப்பறைக்குப் பின்பக்கம் போகிறது. நம் தண்ணீர் நிற்பதோ முன்பக்கம். பயனில்லை என்பதோடு, சளி பிடித்திருக்கும்போது அழுத்தி ஊதினால் கிருமி நடுக்காதுக்குள் ஏறவும் கூடும்.

இனி எண்ணெய். உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. காதை மேலே காட்டிப் படுக்கவைத்து எண்ணெய் விட்டால், தண்ணீர் அடியில் செவிப்பறையோடு தங்கிவிடும், எண்ணெய் மூடிபோல மேலே நிற்கும். காய்ந்துபோக இருந்த வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். ஈரமும் கதகதப்பும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எண்ணெய் விட்டு, அரிப்பு தாங்காமல் வருகிறவர்களின் காதுக்குள் வெள்ளைப் படலமும் அதன்மேல் கரும்புள்ளிகளுமாகப் பூஞ்சை படர்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதைச் சுத்தம் செய்து ஆற்ற வாரக்கணக்கில் ஆகிறது. பூண்டுச் சாறு பட்டால் தோல் பொத்துப்போகும். இளஞ்சூடு என்று விரலுக்குத் தோன்றுவது, காதுக்குள் இருக்கிற மெல்லிய தோலுக்குச் சூடாக இருக்கலாம். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி, காதில் எண்ணெய் விட்டு வாயால் ஊதும் பழக்கத்தையும் இந்தக் காரணங்களுக்காகவே விட்டுவிட வேண்டும்.

பட்ஸும் வேண்டாம். குரும்பி அழுக்கு அல்ல. தண்ணீர் ஒட்டாமலும் கிருமி வளராமலும் தோலைக் காக்கும் பூச்சு அது. காதின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்து, பழைய குரும்பியைத் தானே வெளியே தள்ளுகிறது. பட்ஸ் அதைத் திருப்பி உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது. கெட்டிப்பட்ட குரும்பி தண்ணீரில் ஊறி உப்பினால் காது முழுதாக அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளாகியும் அடைப்பு விடவில்லை என்றால் அங்கே இருப்பது தண்ணீராக இல்லாமல் இதுவாகவே இருக்கலாம். கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு எதையும் உள்ளே விடாமல் மருத்துவரிடம் காட்டி எடுங்கள். துண்டின் நுனியால் விரல் எட்டும் வெளிப்பகுதியை மட்டும் ஒற்றினால் போதும்.

வெள்ளை வினிகரும் ஸ்பிரிட்டும் சம அளவில் கலந்து விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் நீந்துகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் முறைதான் அது. ஸ்பிரிட் ஈரத்தை உலர்த்தும், வினிகரின் புளிப்பு கிருமியைத் தடுக்கும். ஆனால் செவிப்பறை முழுதாக இருக்க வேண்டும். வலியோ சீழோ இருக்கக் கூடாது. வீட்டில் இருந்தபடி செவிப்பறையைப் பார்க்க முடியாது. உங்கள் பையனுக்கு மூன்று வயதில் சளியோடு காதில் சீழ் வந்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். அன்று செவிப்பறையில் ஓட்டை விழுந்து, அது மூடாமல் இருந்தால், எண்ணெயோ வினிகரோ குளத்துத் தண்ணீரோ எதுவானாலும் நேராக நடுக்காதுக்குள் போகும். அடுத்த வகுப்புக்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பார்த்துச் சொல்லச் சில நிமிடங்கள் போதும். செவிப்பறை நன்றாக இருந்தால் பையன் தாராளமாக நீந்தட்டும்.

காது மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினாலோ அவன் துள்ளினால், அது வெறும் தண்ணீர் அல்ல; குழாயின் தோலில் சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நீந்துகிறவர்களுக்கு வழக்கமாக வருவதுதான் இது. மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் குணமாகும். அதுவரை காது நனையக் கூடாது. சீழ், காய்ச்சல், காதைச் சுற்றி வீக்கம், காது மந்தம் என்று எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் மாமியாரைப் பற்றி. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, தன் காதிலும் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பையனைவிட அவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு இதே கிருமி காதுத் தோலோடு நிற்காமல் மண்டை எலும்புவரை பரவக்கூடும். இரவில் தூங்கவிடாத காதுவலிதான் அதன் முதல் அடையாளம். அப்படி ஒரு வலி அவருக்கு வந்தால் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். பையனைக் காட்டப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு காதையும் காட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர்