ராமானுஜனுக்கும் ரிவிஷன் வந்துச்சு

எங்க ப்ராஜெக்ட் பேப்பர் 'மேஜர் ரிவிஷன்'னு திரும்பி வந்துச்சு. "பணம் கட்டினா ரெண்டே நாள்ல போட்டுடுவாங்க"ன்னு வேற ஜர்னலைக் காட்டினான் ஒரு நண்பன்.

எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்தார். 1910-ல அவர் வேலை கேட்டுப் போனது, எங்க மேல்மலையனூருக்குத் தெற்கே இருக்கிற திருக்கோவிலூருக்கு. அங்க டெபுடி கலெக்டரா இருந்த ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அந்தச் சங்கத்தோட ஜர்னல்லதான் 1911-ல ராமானுஜனோட முதல் கட்டுரை வந்துச்சு, பெர்னூலி எண்கள் பற்றி. அதுவும் சும்மா வரல. விளக்கம் தெளிவா இல்லன்னு எடிட்டர் நாராயண ஐயங்கார் பலமுறை திருப்பி அனுப்பினார்.

இன்னைக்கு எடிட்டரோட அதே துறை ஆட்கள் ரெண்டு மூணு பேரும் படிப்பாங்க. "இந்த முடிவு எப்படி வந்துச்சு?"ன்னு கேப்பாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியா பதில் எழுதணும். ஒத்துக்கலைன்னா காரணம் சொல்லலாம்.

ரெண்டு நாள் ஜர்னல்ல அப்படிக் கேக்க ஆளே இல்ல. நாங்க 11 கமெண்ட்டுக்கும் பதில் எழுதிட்டிருக்கோம்.