ஒரு சொடுக்கில் தமிழ்: இணையத்தளத்தில் மொழி மாற்றி அமைப்போம்

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். நம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்தில்கூட நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இணையத்திலும் தமிழ் பின்தங்கவில்லை. 1995-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையமேறின. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி.

அன்று தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவதே பெரும் சவால். அதனை யூனிகோடு தீர்த்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தை வாசகர் எளிதில் சென்றடைய வழி உண்டா என்பதே இன்றைய கேள்வி. அந்த வழிதான் மொழி மாற்றி.

மாணவர் தளம் ஒன்றுக்கு நான் முதன்முதலில் எழுதிய மொழி மாற்றி, எந்தப் பக்கத்தில் சொடுக்கினாலும் முகப்புக்கே கொண்டுபோய் விட்டது. நிகழ்ச்சி விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். நண்பர்கள் சலித்துப்போய் ஆங்கிலத்திலேயே படித்தனர். “தமிழ்ப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிடலாமே” என்ற பேச்சும் எழுந்தது. குறை வாசகரிடம் இல்லை. என் நிரலில் இருந்தது. அந்தப் பாடத்தை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

1. முகவரி

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். தளத்தின் பெயரை அடுத்து மொழிக்குறி வரட்டும். தமிழுக்கு ‘டிஏ’, மலாய்க்கு ‘எம்எஸ்’, சீனத்துக்கு ‘ஸெட்எச்’, ஆங்கிலத்துக்கு ‘ஈஎன்’ என்பவை அனைத்துலகக் குறிகள். அதன்பின் வரும் பகுதி எல்லா மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போதுதான் தமிழ்ப் பக்கத்தின் முகவரியை நண்பருக்கு அனுப்பினால், அவருக்கும் தமிழிலேயே திறக்கும்.

2. நிரல்

ஜாவாஸ்கிரிப்டில் வேலை நான்கு வரிகளில் முடியும். பக்கத்தின் பாதையை எடுங்கள். சாய்கோடுகள் உள்ள இடங்களில் பிரியுங்கள். மொழிக்குறியை மட்டும் மாற்றுங்கள். மீண்டும் சாய்கோட்டால் இணையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதை சாய்கோட்டில் தொடங்குவதால், பிரித்த பட்டியலின் முதல் கூறு வெறுமையாக இருக்கும். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். ஆகவே மொழிக்குறி இருக்கும் இடம் 1. இதை மறந்து 0-ஐ மாற்றினால் முகவரி குழம்பிவிடும்.

அந்தப் பக்கம் இன்னும் தமிழாக்கப்படவில்லையா? முகப்புக்குத் தள்ளாதீர்கள். ஆங்கிலப் பக்கத்தையே காட்டி, ‘தமிழாக்கம் இன்னும் வரவில்லை’ என்று மேலே ஒரு வரி எழுதுங்கள்.

3. அடையாளம்

எச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்க ஒட்டில் ‘லாங்’ என்னும் பண்புக்கு ‘டிஏ’ என்று மதிப்பிடுங்கள். பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், எந்த மொழிக்குரலில் படிப்பது என்பதை இதைக் கொண்டே அறியும். எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அறிவிப்பதும் அவசியம். இல்லையேல் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம்.

4. தோற்றம்

ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் தேடுபவரின் கண் ‘தமிழ்’ என்ற சொல்லைத்தான் தேடும். கொடிப் படம் வேண்டாம், கொடி நாட்டுக்குரியது. பல நாடுகளில் வாழும் தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவது? பொத்தானின் அகலத்தையும் இறுக்கிக் கட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பட்டியலைப் பக்கத்தின் மேற்புறத்தில் வையுங்கள்.

5. நினைவு

வாசகர் தேர்ந்த மொழியைக் குக்கியில் சேமித்தால், அடுத்த முறையும் அதுவே திறக்கும். உலாவி தானாக அனுப்பும் மொழி விருப்பத்தை மட்டும் நம்பாதீர்கள். நம்மில் பலருடைய கைப்பேசியும் கணினியும் ஆங்கில அமைப்பிலேயே இருக்கின்றன. அதைக் கொண்டு தளம் முடிவெடுத்தால், தமிழறிந்தவர்க்கும் ஆங்கிலமே வந்து நிற்கும்.

முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். தளத்தின் ஆழத்திலுள்ள ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து ‘தமிழ்’ என்பதைச் சொடுக்குங்கள். அதே பக்கம் தமிழில் வந்தால் வெற்றி.

தமிழை யாரும் படிப்பதில்லை என்று முடிவு கட்டும் முன், படிக்க வழி விட்டோமா என்று பார்ப்போம். உங்கள் சங்கத்தின் தளத்தில் இன்றே சொடுக்கிப் பாருங்களேன்.